தாய்வழிச் சந்தேகம்

லேப்பில் அவளுக்கு வைத்திருந்த பெயர் போலீஸ். காதுபடவே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். சந்தேகப்படுவது ஒரு குறை என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், எதற்காகச் சொல்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்திருப்பாள். ஃபிரிட்ஜில் தன் குழாய்ப் பெட்டியை வைத்தால் மூடியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதையும் மனசில் குறித்துக்கொள்வாள். தன் நாற்காலியை யாராவது உயரம் மாற்றி வைத்திருந்தால் போதும், அன்று முழுக்க லேப்பில் இருக்கிறவர்களின் கால் நீளத்தையெல்லாம் கண்ணால் அளந்துகொண்டிருப்பாள். "உன்னைக் கட்டிக்கப் போறவன் போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணானோ" என்பாள் அவளுடைய அக்கா. அக்கா வீட்டு மாடி அறையில்தான் அவள் தங்கியிருந்தாள். அந்த அறைக்கும் உள்ளே ஒரு தாழ்ப்பாள், வெளியே ஒரு பூட்டு.

இருக்கட்டும். ஆளைச் சொல்லியாகிவிட்டது, அவள் பார்த்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டியாகச் சில சங்கதிகள் இருக்கின்றன. நாம் ஓடுவதற்கும் உட்காருவதற்கும் இப்படிக் கதை படிப்பதற்கும் சக்தி அதிலிருந்துதான் வருகிறது. அதற்கென்று தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டு. சிலருக்கு அந்த டி.என்.ஏ.வில் பாதிக்கு மேல் பழுதாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் மாடிப்படி ஏறினால் கால் துவண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு மருந்து இருந்தது. அதைக் கொடுத்தால் பழுதான டி.என்.ஏ. குறைந்து நல்லது கூடுகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய பிஎச்.டி. மருந்துக்கு முன் கொஞ்சம், மருந்துக்குப் பின் கொஞ்சம் என்று நோயாளியின் தசையிலிருந்து ஒற்றை ஒற்றை இழையாகப் பிரித்து எடுப்பாள். அந்த இழையிலிருந்து கிடைக்கிற டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதைக் கரைசலில் ஊறவைத்துப் பிரித்து, மெஷினில் வைத்து லட்சக்கணக்கில் நகலெடுத்து, நல்லது எத்தனை பங்கு, கெட்டது எத்தனை பங்கு என்று அளப்பாள்.

அளந்ததில் நல்ல சேதி வந்திருந்தது. மருந்துக்குப் பிறகு நல்ல டி.என்.ஏ. கூடியிருந்தது, அதுவும் ஒவ்வொரு நோயாளிக்கும். முதன்முதலில் அந்தப் படத்தைத் திரையில் பார்த்தபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் அதை மட்டும் சந்தேகப்படவில்லை. தன் கையால் செய்ததாயிற்றே.

இத்தனையும் நடந்தது ஓர் அறக்கட்டளை தந்த ஃபெல்லோஷிப் பணத்தில். இந்த வருஷம் அவர்களுக்கு என்ன முடையோ, ஒரு லேப்புக்கு ஓர் ஆள்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஃபெல்லோஷிப் இல்லாத மாணவரின் பெயரை நிறுவனம் அடித்துவிடும். அவளுக்கு மிச்சம் இருந்தது கடைசி வருஷம். அது கிடைத்தால் டாக்டர் பட்டம். கிடைக்காவிட்டால் அக்கா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் காலியாகப் போகிற சயின்ஸ் டீச்சர் வேலை. அக்கா ஏற்கெனவே தலைமையாசிரியை காதில் போட்டு வைத்திருந்தாள். தங்கச்சி மேல் பாசம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் இவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

போட்டிக்கு இருந்த இன்னோர் ஆள் இஸ்திரி.

அவன் சட்டையில் என்றைக்கும் மடிப்புக் கலையாது என்பதால் வந்த பெயர். செடிகளின் மைட்டோகாண்ட்ரியாவை ஆராய்கிற ஒரு லேப்பிலிருந்து போன வருஷம் இங்கே வந்து சேர்ந்தவன். வந்த முதல் வாரமே, யாரும் கேட்காமல், லேப்புக்கு வேண்டிய கரைசல்களையெல்லாம் பெரிய பெரிய பாட்டிலாகக் கலந்து அடுக்கி வைத்தான். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். நம் போலீஸ் மட்டும் என்ன செய்தாள் தெரியுமா? கண்டவர் கையும் படுகிற பொதுப் பாட்டிலை இனித் தொடுவதில்லை என்று, மூடி பிரிக்காத ஒன்றை எடுத்துப் போய்த் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து அவள் வேலைக்கு அந்தப் பாட்டில்தான். வேறு யாரும் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

இஸ்திரி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். டீ குடிக்கப் போனால் அவளுக்கும் ஒன்று வாங்கி வருவான். அவள் மெஷினைப் பதிவு செய்ய மறந்த நாளில் தன் நேரத்தை விட்டுக்கொடுத்தான். இதெல்லாம் நடக்க நடக்க அவளுக்கு மூக்கில் வியர்த்தது. இவனுக்கு என்ன தலையெழுத்து, எனக்கு விட்டுக்கொடுக்க? ஆழம் பார்க்கிறான். அவன் வைத்துவிட்டுப் போகும் டீயை அவன் தலை மறைந்ததும் தொட்டியில் ஊற்றிவிடுவாள்.

அவனைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், மேடத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மேடம் என்றால் அந்த லேப்பின் பேராசிரியை. சிரிப்பதற்கும் காசு கேட்கிற ஆள். யாரையும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார், விரலைச் சொடுக்கினால் வர வேண்டும். அப்பேர்ப்பட்டவர் இஸ்திரியைக் கண்ணா என்றார். அவன் உள்ளே போனால் கதவு சாத்திக்கொள்ளும். சாத்திய கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் வரும். ஆஸ்பத்திரிக்குச் சாம்பிள் வாங்கப் போகிறபோது தன் காரிலேயே அவனை ஏற்றிக்கொண்டு போனார். நாலு வருஷமாக அதே ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் வந்தவள் இவள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சொந்தக்காரனாக இருப்பானோ என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றியபின் விடுவாளா? மீட்டிங்கில் மேடம் பேசப் பேச, அவர் காது மடலையும் இவன் காது மடலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே மாதிரி இருந்தது. மூக்குக்கூட, விளக்கு வெளிச்சத்தில் ஒரு பக்கமாகப் பார்த்தால், ஒரே மாதிரிதான். அப்புறம் ஒரு நாள் திடீரென்று உறைத்தது. காதையும் மூக்கையும் எதற்குப் பார்க்க வேண்டும்? மைட்டோகாண்ட்ரியா லேப்பில் உட்கார்ந்துகொண்டு?

மனிதச் சாம்பிளில் வேலை செய்கிற இந்த மாதிரி லேப்பில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிற ஒவ்வொருவரின் கன்னத்து உட்புறத்திலும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, அவரவர் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுக்கப் படித்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருப்பார்கள். நோயாளியின் சாம்பிளில் நம் தோலோ எச்சிலோ தவறிப்போய் விழுந்துவிட்டால், யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்காக. மேடத்தினுடையதும் அதில் இருந்தது. மேடம் லேப் மேஜைப் பக்கமே வருவதில்லை என்பதால் ரொம்ப நாள் எடுக்காமல் விட்டு, போன வருஷம்தான் எடுத்துச் சேர்த்திருந்தார்கள்.

இன்னொரு விஷயம். இந்த டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். அப்பாவுக்கு இதில் பங்கே கிடையாது.

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்று. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

 கையும் களவுமாக அகப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். உறவு முறையை உட்கார்ந்து கணக்குப் போட்டாள். சித்தப்பா பையன், அத்தை பையன் என்றால் இப்படி ஒத்துப்போகாது. அண்ணன் பையன் என்றாலும் போகாது, அவன் அவனுடைய அம்மாவுடையதைத்தான் கொண்டு வருவான். மேடத்தின் பையனாக இருக்க முடியாது, அவருக்கு இரண்டும் பெண்கள். அப்படியென்றால், வயசையும் வைத்துப் பார்த்தால், மேடத்தின் அக்கா பையன், இல்லாவிட்டால் தங்கச்சி பையன். அதற்குத்தான் இந்தக் கண்ணாவும் காரும் கதவும்.

அன்று சாயங்காலம் அக்கா சமையலறையில் நிற்கும்போது இதைச் சொன்னாள். அக்கா கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். சம்பந்தமே இல்லாதவங்களுக்கும் ஒரே மாதிரி இருக்கலாம்னு நீதானே ஒரு தடவை சொன்ன, என்று கேட்டாள். அது ஒரு சின்னத் துண்டைப் பார்த்தால், இது முழுநீளம் என்று இவள் பிடித்துக்கொண்டாள். சரி, எதுக்கும் மேடத்துகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடு என்றாள் அக்கா. நல்ல யோசனைதான். ஆனால் திருடனிடமே போய்த் திருடினாயா என்று யாராவது கேட்பார்களா? மறுநாள் காலை மாடிப்படியில் நின்றுகொண்டு அறக்கட்டளையின் செயலாளருக்குப் போன் போட்டாள். விண்ணப்பித்திருக்கிற இரண்டு பேரில் ஒருவர் பேராசிரியையின் நெருங்கிய ரத்த சம்பந்தம் என்றும், ஆதாரம் கையில் இருக்கிறது என்றும் சொன்னாள். செயலாளர் அவள் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, இன்டர்வியூவுக்கு வரும்போது குழுவின் முன்னால் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

அந்தச் செயலாளர் சும்மா இருப்பாரா? அன்று மத்தியானமே மேடத்துக்கு விஷயம் போய்விட்டது. விரல் சொடுக்கினார். போனாள். கதவு சாத்திக்கொண்டது. சாத்திய கதவுக்கு உள்பக்கம் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை.

மேடம் கத்தவில்லை. 

"அவன் எனக்கு என்ன உறவு?"

"அக்கா பையன், இல்லன்னா தங்கச்சி பையன்."

"நான் ஒத்தப் பொண்ணு. எங்க அம்மாவும் ஒத்தப் பொண்ணு. அக்காவுக்கு நான் எங்க போவேன்?"

 பெரியவர்கள் பொய் சொல்லும்போது இப்படித்தான் நிதானமாகச் சொல்வார்கள் என்று அவளுக்குள் ஓடியது. மேடம் அதை அவள் முகத்திலேயே படித்துவிட்டார்.

"நம்ப மாட்ட. தெரியும். அவன் கதவைத் தட்டி உள்ள வந்து, இது எனக்குத் தெரியலன்னு சொல்வான். நான் சொல்லித்தருவேன். இந்தக் கதவு நாலு வருஷமா உனக்கும் இருந்தது. நீ ஒரு நாள் தட்டினியா? நான் சொல்லித்தர்றதுல ஏதாவது உள்குத்து இருக்கும்னு பயம் உனக்கு." மறுபடி விரல் சொடுக்கினார். "போ, ஒரு குச்சி எடுத்துட்டு வா."

எடுத்து வந்தாள். மேடம் வாயைத் திறந்து காட்டினார். இரண்டு கன்னத்திலும் அழுத்தித் தேய்த்து எடுத்தாள் அவள், வேறு யார் கையிலும் கொடுக்காமல். தன் பாட்டிலைக்கூடத் தொடவில்லை. நாளைக்கு உன் கரைசல் சரியில்லை என்று மேடம் சொல்லிவிடக் கூடாதே. உறை பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றை ஸ்டோரிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி, அதிலேயே எல்லாவற்றையும் செய்து முடித்தாள்.

ரிசல்ட் வந்தது. மேடத்துக்கும் இஸ்திரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே ஓர் எழுத்து, அங்கே ஓர் எழுத்து என்று இருபது முப்பது இடத்தில் வேறுபட்டது. கம்ப்யூட்டரில் மேடத்தின் பெயரில் இருந்ததற்கும், மேடத்தின் வாயிலிருந்து வந்ததற்குமே சம்பந்தமில்லை.

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போயிருப்பார்கள். இவள் போலீஸ் ஆயிற்றே. அப்படியானால் அந்தப் பழையது யாருடையது? யார் எடுத்தது? பதிவில் தேதியையும் ஆளையும் பார்த்தாள். எடுத்தது இஸ்திரி, வந்த முதல் வாரத்தில், தன்னுடையதையும் மேடத்தினுடையதையும் ஒரே நாளில். நேரே அவன் மேஜைக்குப் போனாள். அவன் எழுந்து நின்றான். போன் விஷயம் அவன் காதுக்கும் அரசல் புரசலாக வந்திருந்தது போல, முகம் வெளுத்திருந்தது.

மேடத்துக்கு எப்படி எடுத்தாய் என்று கேட்டாள். அவன் ஒளிக்காமல் சொன்னான். மேடம் அவசரத்தில் குச்சியை வாயில் வைத்த கையோடு எடுத்துக் கொடுத்துவிட்டார், முதல் தடவை மெஷினில் ஒன்றுமே வரவில்லை, இன்னும் கொஞ்சம் அதிக நகல் எடுத்துப் பார்த்தபோது வந்தது, வந்ததைச் சேர்த்துவிட்டான்.

"எந்தக் கரைசல் போட்ட?"

"நான் கலக்கினதுதான் அக்கா. நீங்ககூட அதுல ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போனீங்களே."

"கலக்கும்போது கிளவுஸ் போட்டிருந்தியா?"

அவன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இல்லையே. செடி லேப்ல யாருக்கா கரைசல் கலக்க கிளவுஸ் போடுவா? இலையோட டி.என்.ஏ.க்கு நம்ம கை என்ன பண்ணும்? இங்க வந்து ரெண்டு வாரம் கழிச்சு மேடம் பார்த்துத் திட்டினாங்க. அதுலேருந்து போடுறேன்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, திரும்பி நடந்தாள். அக்கா, என்னாச்சு என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. மேடத்தின் குழாயில் மேடம் இல்லவே இல்லை. அவன் வெறும் கையிலிருந்து கரைசலில் இறங்கிய துளியூண்டு டி.என்.ஏ.தான் நகலாகிப் பெருகி மேடத்தின் பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறது. அது போகட்டும். அவள் அலமாரியில் இருப்பது?

அலமாரியைத் திறந்தாள். பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். தசை இழை எதுவும் போடாமல் வெறும் கரைசலை மட்டும் குழாயில் விட்டு, நோயாளிக்குச் செய்கிற அத்தனையும் செய்து மெஷினில் வைத்தாள். ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். வந்தது, திரையில் வெளிச்சமாக. படித்துப் பார்த்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இஸ்திரி.

இப்படி வெறுமனே வைத்துப் பார்ப்பது எல்லா லேப்பிலும் உள்ளதுதான். அவளும் ஒவ்வொரு தடவையும் வைத்திருக்கிறாள். ஆனால் கடைசிக் கட்டத்தில், நகலெடுக்கும்போது மட்டும், சுத்தத் தண்ணீரை வைத்துப் பார்ப்பாள். தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. பூட்டிக் காப்பாற்றுகிற பாட்டிலைப் போய் யாராவது சோதிப்பார்களா?

இப்போது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. மருந்துக்கு முந்தின சாம்பிள்களை அவள் செய்தது இஸ்திரி வருவதற்கு முன்னால், பழைய கரைசலில். மருந்துக்குப் பிந்தினவற்றைச் செய்தது இந்தப் பாட்டிலில். ஒவ்வொரு நோயாளிக்கும் கூடியிருந்த அந்த நல்ல டி.என்.ஏ. மருந்து தந்ததில்லை. திடகாத்திரமான ஒரு பையனின் விரல் தந்தது. மற்றவர்கள் பொதுப் பாட்டிலை வாரிவாரி ஊற்றி ஒரு மாதத்தில் தீர்த்துவிட்டார்கள். ரிசல்ட் ஒரு மாதிரி வந்ததை மறுபடி செய்து பார்த்துக்கொண்டார்கள். லேப்பிலேயே அந்த அழுக்கைப் பத்திரமாகப் பூட்டிவைத்து, சொட்டுச் சொட்டாக வருஷம் முழுக்கத் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டது அவள் ஒருத்திதான். அவன் மேல் ஆயிரம் சந்தேகப்பட்டாள், டீயில் என்ன கலந்தான் என்றுகூடச் சந்தேகப்பட்டாள். கரைசலில் என்ன கலந்தான் என்று மட்டும் தோன்றவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள்.

அழுது முகம் கழுவியதும் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. இது யாருக்குத் தெரியும்? அவளுக்கு மட்டும். இஸ்திரிக்குத் தன் கையைப் பற்றிக் கேட்டது ஏன் என்று இன்னும் புரியவில்லை. மேடத்துக்குத் தன் பழைய சாம்பிள் தப்பு என்ற அளவில்தான் தெரியும். இன்டர்வியூவில் போய், உறவு என்று சொன்னது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. பொய்யில்லையே, உண்மைதானே? அந்த ஃபெல்லோஷிப் சீட்டு கிடைத்தபின் கடைசி வருஷம் முழுக்க இருக்கிறது, எல்லாவற்றையும் புதுக் கரைசலில் சத்தமில்லாமல் மறுபடி செய்துகொள்ளலாம். மருந்து நிஜமாகவே நல்ல மருந்தாகவும் இருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்? அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பேச்சை எடுத்துவிடுவாள் என்று பயம்.

இன்டர்வியூ ஒரு நீள மேஜை அறையில். கைடு உள்ளே வரக்கூடாது என்பது விதி, அதனால் மேடம் வரவில்லை. தலைவர், செயலாளர், அப்புறம் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா. வெளியே பெஞ்சில் இஸ்திரி உட்கார்ந்திருந்தான். அன்றைக்குத்தான் அவன் சட்டை கசங்கிப் பார்த்தாள்.

செயலாளர் முதலிலேயே அந்த விஷயத்தை எடுத்தார். இவள் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னாள். பழைய சாம்பிளில் கோளாறு. தானே மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டாள். உறவு எதுவும் இல்லை. அவசரப்பட்டது தன் தப்பு. செயலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தலைவர், தானாக வந்து தப்பை ஒப்புக்கொள்கிற பிள்ளைகள் இப்போதெல்லாம் எங்கே என்று பெருந்தன்மையாகச் சொல்லி, பக்கத்தைத் திருப்பினார். பிறகு படங்களைப் பார்த்தார்கள். மருந்துக்கு முன், மருந்துக்குப் பின். தலைவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சீட்டு தன் கைக்கு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது.

டாக்டரம்மா அதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, களைத்த குரலில் பேசினார்.

"எங்க வார்டுல இந்த நோய் உள்ள குழந்தைங்க இருக்காங்கம்மா. அடுத்த மாசம் அவங்களுக்கு இந்த மருந்தை ஆரம்பிக்கிறோம். இது ஈரலைப் பாதிக்கும்னு தெரியும். பலன் இருக்குன்னு உறுதியா காட்டினது உங்க வேலை ஒண்ணுதான், அதை வெச்சுத்தான் பெத்தவங்ககிட்ட கையெழுத்துக் கேக்கப் போறேன்." அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தார். "நாலு வருஷம் இதோட இருந்தவங்க நீங்க. இதுல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?"

நாற்காலி உயரத்தைச் சந்தேகப்பட்டவள் அவள். டீயைச் சந்தேகப்பட்டவள், காது மடலைச் சந்தேகப்பட்டவள். உனக்கு ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேலி இல்லாமல், பதில் வேண்டும் என்று, இதுவரை ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வேண்டும், ஒரே வார்த்தை. வாயைத் திறந்தாள். அந்த விரல் இன்னும் படத்தின் மேலேயே இருந்தது.

"இருக்கு, டாக்டர்."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. பாட்டிலைச் சொன்னாள், பூட்டைச் சொன்னாள், வெறும் கரைசலில் வந்த வெளிச்சத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதை மென்று முழுங்கியதையும் சொன்னாள். "அந்தக் கூடின நல்ல டி.என்.ஏ. நோயாளிங்களோடது இல்ல. வெளிய பெஞ்சுல உக்கார்ந்திருக்கானே, அவனோடது. ஒரு வருஷமா நான் அளந்தது அவனைத்தான்."

செயலாளர் பேனாவை மூடினார். தலைவர், இதற்குப் பிறகு சீட்டை உங்களுக்குத் தர எங்களுக்கு வழியில்லை, அது புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றாள்.  டாக்டரம்மா மேஜையைச் சுற்றி வந்து, தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனார். அடுத்த மாசம் வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

வெளியே வந்தாள். இஸ்திரி எழுந்தான்.

"மேடத்துக்கு நான் சொந்தம்னு சொன்னது நீங்களா அக்கா?"

"ஆமா. நான்தான்."

அவன் வேறு ஏதோ கேட்க வாயெடுத்தான், அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவள் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனிடம் உள்ளே எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள். வெளியே வந்தபோது அவன் தன் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். 

"சீட்டை எனக்குக் கொடுத்துட்டாங்க. உங்க வேலையை முதல்லேருந்து செய்யணுமாம்."

"செய்."

"சரின்னேன். ஆனா ஒண்ணு கேட்டேன். லேப்ல எல்லாரும் என்னை நல்ல பையன்னு நம்புறாங்க அக்கா, யாரும் என் கையைப் பார்க்க மாட்டாங்க. இப்போ எனக்கே பயமா இருக்கு. என்னை நம்பாத ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்னு சொன்னேன். நீங்க வருவீங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இதில் இவனுக்கு என்ன லாபம் என்று பழக்க தோஷத்தில் தேடினாள். கண்ணில் தேடினாள், வாய் ஓரத்தில் தேடினாள். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தானே தவிர, வேறொன்றும் அகப்படவில்லை.

"சனிக்கிழமை மட்டும்தான் வர முடியும். மத்த நாள் ஸ்கூல் இருக்கும்" என்றாள்.